இரண்டரை வயது

வயிற்றுப்பட்டிக்குக் கடைசி ஓட்டையும் போதவில்லை.
தையற்காரி தாட்சாயிணியின் நாடாவை வாங்கிவந்து
சுற்றி அளந்தோம்.
நாடா முடிந்தது, குதிரை முடியவில்லை.

பெயர் சம்பா.
ஒட்டுசுட்டானில் கணேசரூபன் கல்யாண மண்டபம் திறந்தபோது
மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று
நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்தவன்.
இன்னும் ஒரு மாப்பிள்ளையும் ஏறவில்லை,
தவிடுதான் ஏறிக்கொண்டிருக்கிறது.
பந்தியில் மிஞ்சும் லட்டு,
சமையல்காரப் பேரின்பம் ஒளித்து நீட்டும் பாயாசம்.

வவுனியாவிலிருந்து வந்த டொக்டர் நிரஞ்சலா
விலா எலும்பைத் தேடி விரலை ஓட்டினா.
கிடைக்கவில்லை.
“பட்டினி போடாதேங்கோ, ஓடவும் விடாதேங்கோ.
எலும்பு இன்னும் முற்றேல்லை, ஆள் ஏறவே கூடாது.
நடக்கட்டும். நேராய்.”

நடத்துகிற வேலை எனக்கு.
ஏழு வருசம் கண்ணிவெடி எடுத்தவள்.
நாளுக்கு நாலு சதுர மீற்றர்,
முழங்காலில்.
மெதுவாய்ப் போவது எப்படியென்று
ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

விடிய ஐந்தரை. முதலில் குளம்பு.
நாலையும் உள்ளங்கையால் தொடுவேன்,
சுட்டால் அன்றைக்கு நடை இல்லை.
பிறகு முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம், மண் பாதை.
தார் ரோட்டில் ஏற்றமாட்டேன்.
வட்டமாகச் சுற்றவும் மாட்டேன்,
வட்டம் மூட்டைத் திருகும்.
முதல் கிழமை மதகு மட்டும்.
அடுத்த கிழமை மருதமரம் மட்டும்.
மரத்தடியில் நின்று விலாப்புறம் ஏறி இறங்குவதை
போனில் நேரம் பார்த்து எண்ணுவேன்.
எண்ணிக்கை இறங்காமல் திரும்புவதில்லை.

அங்காலே மயில் கத்தினால் பாயப் பார்ப்பான்.
கயிறு என் கையில் மடிப்பாகத்தான் இருக்கும்,
சுற்றாக இல்லை. சுற்று இறுகும்.
விரல் போன ஆக்களை எனக்குத் தெரியும்.

ஆவணியில் ஒரு ரொறன்ரோ மாப்பிள்ளை.
தொண்ணூற்றெட்டுக் கிலோவாம்,
தலைப்பாகை தவிர்த்து.
“பத்து நிமிசம்தானே பிள்ளை,” என்றார் கணேசரூபன்,
“முற்பணம் வாங்கிப்போட்டன்.”

நான் வாயைத் திறக்கவில்லை.
பழைய பெட்டியில் கிடந்த சிவப்பு நாடாவை எடுத்து
சேணம் வைக்கும் இடத்தில்,
முதுகுக்குக் குறுக்கே, கட்டிவிட்டேன்.
அந்த நாடாவுக்கு
இந்தப் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் தாய்.
மேளத்தை முப்பதடி முன்னுக்குப் போகச் சொன்னேன்.
மாப்பிள்ளை நடந்தார்,
ஒரு கையைச் சம்பாவின் பிடரியில் வைத்தபடி,
பட்டுச் சட்டை முதுகில் ஒட்ட.
கோயில் திருப்பத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.
நிறுத்தி,
இரண்டு பேருடையதையும் எண்ணினேன்.

பேரின்பம் இன்னும் பாயாசத்தை நிறுத்தவில்லை.
வாளியை நான் மணந்து பார்ப்பது அவருக்குத் தெரியாது.

நேற்று மருதமரத்தடியில்
விரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போகையில்
ரோமத்துக்குக் கீழே
கடினமாய் ஏதோ தட்டுப்பட்டது.
கை அப்படியே நின்றது. மூச்சும்.
சம்பா திரும்பி என்னைப் பார்த்தான்.

எலும்பு.
எலும்புதான்.