கழி

மாகிம் கழிக்கு வந்த நாளிலிருந்து
எனக்குக் கணக்கு இரண்டு பாஷையில் ஓடியது.
க்ரிம்ஷா துரை அங்குலத்தைப் பதினாறாய் உடைப்பார்;
நான் வாய்க்குள் மாகாணி என்பேன்.
அவருடைய எட்டில் ஒன்று என் அரைக்கால்.
ஏட்டில் எழுதும்போது அவருடையது,
சரிதானா என்று பார்க்கும்போது என்னுடையது.

திருகாணிக் கால்கள். ஒவ்வொன்றையும்
எட்டு ஜோடி மாடும் நாற்பது ஆளும்
செக்குச் சுற்றுகிற மாதிரிச் சுற்றிச்
சேற்றுக்குள் இறக்கவேண்டும்.
எண்ணெய் வராத செக்கு.
வற்றம் இருக்கிற நாலு மணி நேரம்தான்.
ஏற்றம் வந்துவிட்டால் துரை
கடிகாரத்தைத் திட்டுவார்,
கடலைத் திட்டமாட்டார்.

ஏழாவது கால் பாறையில் முட்டி முறிந்த அன்று
நெம்புகட்டை வீசியடித்ததில்
ராகோ, அவன் மச்சான் பிக்கியா.
சம்பள ஏட்டில் இரண்டைக் கழி என்று உத்தரவு.
படிவத்தில் பேருக்கு இடமில்லை.
ஓரத்தில் சின்னதாய்த் தமிழில் எழுதினேன்.
துரை பார்த்துவிட்டு என்ன குறிப்பு என்றார்.
"மண் ஆழம்" என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

அவருக்கும் முறைக்காய்ச்சல்.
கொய்னாவைச் சாராயத்தில் கரைத்து விழுங்கிவிட்டுக்
கம்பளியோடு வந்து சாரத்தில் நிற்பார்.

கப்பல் தபால் மாதம் இரண்டு.
சீமையில் அந்த அம்மாள்
மகனைக் கதவு நிலையோடு நிறுத்திக் கோடு கிழித்து
அளவு எழுதியனுப்புவாள்.
இவர் பார்க்காத பிள்ளை. பேரை
ஒருதரமும் என்னிடம் சொன்னதில்லை.
படித்து முடித்ததும் "மாசிலாமணி, ஸ்டாஃப்" என்பார்.
மட்டக்கோலை நிறுத்திப் பிடிப்பேன்.
இரண்டடி ஒன்பதேயரைக்கால்.
அந்த இடத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்
கொஞ்ச நேரம் நிற்பார்.
பிறகு, "அடுத்த கால்."

சோதனை நாளில் இரண்டு எஞ்சின்
ஒன்றன்பின் ஒன்றாய் ஏறின.
மாலை மரியாதையெல்லாம் மேலே;
நாங்கள் கீழே, படகில், அளவுக்கம்பியோடு.
இரும்பு கால் அங்குலமும் ஒரு மாகாணியும் தாழ்ந்தது.
எஞ்சின் கடந்தபின் கேட்டார்:
பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதா?
திரும்பிவிட்டது.
முழுசாகவா?
முழுசாக.
அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

மறுவாரமே நர்மதைக்கு மாற்றல்.
அவர் போன மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது.
விலாசம் திருத்தி அனுப்புவது என் வேலை;
அனுப்பினேன். பிரிக்கவில்லை.
அதற்கு முன்னால், யாருமில்லாத சாரத்தில்
மட்டக்கோலை நிறுத்தி,
போன அளவுக்குக் கொஞ்சம் மேலே
உத்தேசமாய்க் கை வைத்துப் பார்த்தேன்.