ஆளொருவருக்கு நாளொன்றுக்கு

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைகளுக்குப் பாரம் வைத்தாயிற்று:
உப்புப் போத்தல், மகளின் கணக்குப் புத்தகம்,
கேதீஸின் வேலைத் தொப்பி,
நான்காவதாக என் முழங்கை.

பேர்த்தின் தெற்கோரம், கேனிங் வேல்.
இங்கிருந்து வடக்கே எழுநூறு கிலோமீட்டர்
தார்ச்சாலை சொன்னபடி கேட்கும்.
ஓவர்லேண்டரில் கடைசி டீசல்,
கடைசி இறைச்சிப் பை.
இடப்பக்கம் திரும்பினால்
பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பாதை.

யூஸ்லெஸ் லூப் என்ற பெயரை
துவாரகா விரலால் தட்டிச் சிரிக்கிறாள்.
"பயனில்லாத வளைவு! யாரம்மா இப்படிப் பேர் வைத்தது?"
கப்பலோடு வந்து கரைதொட முடியாத எவனோ,
கோபத்தில்.
அதற்கப்பால் மணல்மேடுகள்.
அதற்கும் அப்பால்
பாலை நடந்துபோய்க் கடலில் விழும் இடம்.

பள்ளியில் படித்த ஐந்து நிலத்தில்
பாலைக்கும் நெய்தலுக்கும் நடுவே ஒரு வேலி இருந்தது.
இங்கே முகாம் இலக்கம் இருக்கிறது: ஒன்பது.
நாய் கூடாது. விறகு கூடாது.
கொண்டுபோகும் குப்பை திரும்பி வர வேண்டும்.

மூன்றாவது வருடம் இது.
முதல் வருடம் பஜேரோவின் கியர்பெட்டி.
போன வருடம் என் இரவுப்பணியை ஏற்க ஆளில்லை.
இந்த வருடம் எல்லாம் சரி,
தண்ணீர்க் கணக்குத்தான் முடியவில்லை.

அங்கே குழாய் கிடையாது.
ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீட்டர்
என்கிறது பூங்காத் துறையின் தாள்.
மூவர், ஐந்து நாள்.
எழுபத்தைந்து, துவாரகா வாயாலேயே சொல்லிவிட்டாள்.
கேதீஸ் எழுதினார், எழுபத்தைந்து.
பேனாவை மூடினார்.
திறந்தார்.
வெட்டிவிட்டு நூற்றைம்பது.
நான் தேநீர் ஊற்றித் திரும்புவதற்குள்
இருநூற்று நாற்பது.

"ஒரு லீட்டர் ஒரு கிலோ, அப்பா."
"தெரியும்."
"வாகனம் தாங்காது."
"தெரியும்."

பிறகு பேரம்.
மடக்குக் கதிரை மூன்றும் போயின.
மகளின் அலைப்பலகை போயிற்று, கண்ணீரோடு.
என் இரும்புத் தோசைக்கல்,
அதோடு கடலைப் பார்த்துத் தோசை வார்க்கும்
என் நெடுநாள் ஆசை.
மண்வாரியைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டார்:
டயர் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கியும்
மணல் விடாவிட்டால் அதுதான் தெய்வம்.
எதை எடுத்தாலும் சரி என்றார்.
ஒரு கேனைக் குறைப்போமா என்றால் மட்டும்
காது கேட்கவில்லை.

பதினேழு நாள் படகில் இருந்தவர்.
அது எங்கள் கலியாணத்துக்கு முன்.
அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை, நான் கேட்டதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்,
இந்த வீட்டில் போத்தல் மூடி எதுவும்
குப்பைக்குப் போவதில்லை.
கழுவி, துடைத்து, லாச்சிக்குள் போடுவார்.
ஒரு மூடிக்கு எத்தனை மிடறு என்று
ஒருநாள் தனியே அளந்து பார்த்தேன்.
ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடற்கரையைத் தேர்ந்ததும் அவர்தான்.
ஏன் என்று துவாரகா கேட்டபோது
"அங்கே கரை இருக்கு" என்றார்.
எல்லாக் கடற்கரையிலும் இருக்குமே என்றாள் அவள்.

நள்ளிரவில் விழித்தால் பக்கத்தில் ஆளில்லை.
வாசலில் ரப்பர்க் குழாயின் சீறல்.
பன்னிரண்டு கேனையும் நிரப்பி
பஜேரோவின் பின்னால் ஏற்றி,
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சக்கரத்துக்கு மேலே விரலால் அளக்கிறார்.
நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது.
என்னைக் கண்டதும் டோர்ச்சை எடுத்துவிட்டு
"தாங்கும் போல" என்றார்,
பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி.

உள்ளே வந்து பட்டியலை எடுத்தேன்.
என் இரண்டாவது சப்பாத்தை வெட்டினேன்,
தடித்த புத்தகத்தை,
கூடாரத்துக்குள் விரிக்க வைத்திருந்த கம்பளத்தை.
இருநூற்று நாற்பதின் கீழே கோடிட்டேன்.
அடியில் புதிதாக ஒரு வரி:

குவளை மூன்று.
பெரியதாக.