எத்தனை கட்டை

அமிகாவில் கோளாறு என்றான் ஸெனோன்.
தப்பாய் அடித்தால் கத்த வேண்டிய பெட்டி
கத்துவதே இல்லையாம்.
மீன் கம்பெனிக் கணக்கில் ஒரு சைபர் கூடிப்போய்
நூறு பெட்டி ஹெர்ரிங் ஆயிரமாகி
கிதினியா துறைமுகத்தில் லாரிகள்
வரிசைகட்டி நின்றன, வெறும் வயிற்றோடு.

எனக்குக் கேட்டிருந்தது.
அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவும்போதுகூட
ஊசி மாதிரி அந்தக் கீச்சு.
சொல்லவில்லை.

இரவு, யாகோதா தூங்கியபின்
அமைப்புகள் இழுப்பறையைத் திறந்தோம்.
உள்ளே ஒலிக்கென்று ஒரு சின்ன ஜன்னல்:
திரை மின்னட்டுமா, சத்தம் வரட்டுமா,
எவ்வளவு உரக்க, எந்தச் சுருதியில், எத்தனை நேரம்.
மவுஸால் நகர்த்த மூன்று கட்டைகள்.
கீழே ஒரு பொத்தான்: சோதி.

உரப்பைக் கடைசிவரை தள்ளிவிட்டுச் சோதித்தேன்.
பூனை எகிறிக் கட்டிலடியில் போய் ஒளிந்தது.
ஸெனோன் திரையையே பார்த்துக்கொண்டு
"பார்த்தாயா, ஊமை" என்றான்.

பதினாறு வருஷம்
கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் குந்தித் துரு சுரண்டியவன்.
காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள்.
வைத்தால் ஃபோர்மன் கூப்பிடுவது கேட்காதென்று
சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

சுருதிக் கட்டையைப் பிடித்தேன்.
ஒரு விரற்கடை இடதுபக்கம். சோதி.
இன்னும் கொஞ்சம். சோதி.
கீச்சு கூவலாயிற்று, கூவல் முனகலாயிற்று.
நேரே பார்க்கத் துணிவில்லாமல்
கண்ணாடித் திரையில் நிழலாடிய
அவன் முகத்தைப் பார்த்தேன்.
முக்கால்வாசி நகர்ந்தபின்
மூடுபனிக்குள் கப்பல் ஊதுவதுபோல் ஒன்று.
புருவம் ஏறியது.
"ஆ, சரியாகிவிட்டது!"

கட்டை நின்ற இடத்திலிருந்து வலதுமுனை வரை
நாலு விரல் அகலம், வெறும் சாம்பல் பட்டை.
அதற்குள் எதெல்லாம் விழுந்து கிடக்கும் என்று
அந்நேரம் எண்ணியிருக்கக் கூடாது.
கெட்டிலின் விசில்.
யாகோதாவின் ஸ், ஷ் எல்லாம்,
எங்கள் மொழியில் பாதி அதுதானே.
போன கோடையில், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று
மன்னிப்புக் கேட்டேனே, மெல்லிய குரலில்,
பதில் சொல்லவில்லை என்று
ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தேனே,
அது.

மின்னலையும் போட்டுவைப்போம் என்றேன்.
"எதற்கு, கேட்கிறதே?"
இருக்கட்டும். அழகுக்கு.
கட்டத்தில் ஒரு டிக். சேமி.

இப்போதெல்லாம் நள்ளிரவில் அவன் தப்பாய் அடித்தால்
கப்பல் ஊதுகிறது,
அறை ஒருகணம் வெளுத்து அடங்குகிறது.
எதிர் பிளாக்கில் யாரோ திரைச்சீலை விலக்கி
வானத்தைப் பார்க்கிறார்கள்.
நேற்று ஏழு முறை.
படுக்கையிலிருந்து எண்ணினேன்.

நானும் குரலை
இரண்டு கட்டை இறக்கிப் பேசிப் பழகுகிறேன்.
அம்மா, உனக்குச் சளியா, என்கிறாள் யாகோதா.