இறக்காத நாண்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பதினாறு வருசம்
இரண்டு தகடுகளால் பேசியவன் நான்.
கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள்
மழைக்குள்ளிருந்தே
கொத்துச் சத்தத்தை வைத்து
ஆள் இன்னார் என்பார்கள்.

மாசியில் ஒருநாள்
சட்டைக்குள் கை நுழையவில்லை.
சுளுக்கு என்றேன், எண்ணெய் போட்டேன்,
ராத்திரி வலப்பக்கம் புரண்டால்
தோளுக்குள் வேறெவனோ
கொத்து அடித்தான்.

டிக்கோயா ஆஸ்பத்திரிச் சுவர்ப் படத்தில்
'தசைநாண்' என்றிருந்தது.
நாண் வில்லில் கட்டுவது.
வில்லை இறக்கி வைக்க
ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"கட்டியும் போடாதீங்க, ஓட்டவும் ஓட்டாதீங்க"
என்றார் மிஸ் பிரியங்கனி.
விரல்களை நண்டு மாதிரி
சுவரில் ஏறவிட வேண்டும்.
எட்டிய இடத்தில் மனைவி
பென்சிலால் கோடு கிழிப்பாள்,
மகள் யோகமலரின் உயரம் குறித்த அதே சுவரில்.

முதல் கோடு பிள்ளையின் காதளவு.
மூன்றாம் வாரம் அவள் உச்சந்தலை.
அந்தத் தைரியத்தில்
ஒரு மா மூட்டையைத் தூக்கினேன்.
கோடு மறுபடியும் காதுக்கு வந்தது.
அவள் சிரிக்கவில்லை, ரப்பர் தேடினாள்,
நான்தான் அழிக்காதே என்றேன்.

இப்போது கல்லாவில் இருக்கிறேன்.
இடக்கையால் சில்லறை.
கல்லில் நிஸ்தார் தட்டுகிறான்,
நாலாவது தட்டு
கொஞ்சம் பிந்தி விழுகிறது.
மேசைக்கடியில் என் பெருவிரல்
அதைச் சரிசெய்கிறது.

"அண்ணே, எப்ப திரும்பவும்?"
பொகவந்தலாவ பஸ் கண்டக்டர்.

ஒரு தோளை மட்டும்
குலுக்கினேன்.