நாற்பது டன்

ஏப்ரல் மழை. இரவு பதினொன்றரை.
வளைவு தாண்டியதும் சாலை நடுவே
சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டு ஒருத்தி.
பிரேக்கை மிதித்தேன்.
பின்னால் நாற்பது டன் பைன் மரம்
முனகிக்கொண்டே நின்றது.

"தேரைகள் கடக்கின்றன" என்றாள்,
பள்ளிப் பிள்ளைகள் கடப்பதைச் சொல்வதுபோல.
பெயர் ஹெல்வே. பல் மருத்துவமனையில் கணக்கெழுதுகிறாளாம்.
பார்னு துறைமுகத்தில் நாலரைக்குக் கப்பல் என்றேன்.
என் கையில் ஒரு வாளியைத் திணித்தாள்.

கையுறை இல்லை. குனிந்தேன்.
கூழாங்கல் என்று நினைத்தது கண் திறந்தது.
பெண் தேரை. அதன் முதுகை இறுகப் பற்றிய ஆண்.
உள்ளங்கையில் ஈரமண்ணின் குளிர்,
தொண்டைக்கடியில் மட்டும்
என்னவோ விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.
பின்னங்காலால் என் கட்டைவிரலை உதைத்தது,
வழியை விடு என்பதாக.

பத்தொன்பது வருஷம் இதே சாலை.
மழை இரவுகளில் சக்கரத்தடியில் எழும் சத்தத்தை
குச்சி முறிவது என்றே எண்ணியிருந்தேன்.
சாலையில் ஏது
அத்தனை குச்சி.

குளத்தோரம் வாளியைச் சாய்த்தோம்.
நனைந்த நோட்டில் எழுதினாள்: நானூற்றுப் பன்னிரண்டு.
போன வருஷம் ஆயிரத்துக்கு மேல்.
"குளிர்காலம் பூராவும் எங்கே கிடக்கும் இதெல்லாம்?"
பேச்சுக்குத்தான் கேட்டேன்.

விளக்கைத் திருப்பினாள்.
சாலைக்கு அப்பால் வெறும் அடிக்கட்டைகள்,
புதிதாய், வெள்ளையாய், கண்ணுக்கெட்டிய மட்டும்.
திரும்பி வரும் வழியில் அந்த வெளிச்சம்
என் லாரிமேல் பட்டுப் போனது.
அவள் வேண்டுமென்று செய்யவில்லை.
பிசின் மணத்தது.

மணி என்ன இருக்கும், தெரியவில்லை.
கடிகாரம் பார்க்க
இடது கையைத் திருப்பினால்
வாளி கவிழும்.