பின்பக்கக் கணக்கு

கள்ளிமேட்டுப்பாளையம் பால் சொசைட்டியில்
நோட்டின் முன்பக்கம் பாலுக்கு:
பேர், லிட்டர், கொழுப்பு, டிகிரி.
தலைகீழாகத் திருப்பினால் விதைக்கு.
எனக்கு முன்னால் எழுதியவர் யாரோ
நீல மையில் கோடு போட்டிருக்கிறார்.
பற்று. வரவு.
ஒரு படி வாங்கினால் ஒன்றரைப் படி.
மழை பொய்த்தால் அடுத்த ஆடி.
வட்டி என்று யாரும் சொல்வதில்லை,
"எலிக்கும் சேத்துக் குடுங்க" என்பார்கள்.

மயிலாத்தாள், தட்டப்பயறு, அரைப்படி.
பொங்கியண்ணன், இருங்குசோளம், ஒரு வள்ளம்.
ரேஷன் கடை துரைராஜ், கொள்ளு,
மொட்டை மாடியில் போடவாம்.
சிரிக்காமல் எழுதினேன்.
நாச்சிமுத்து, சாமை, இரண்டு படி.
வரவில் ஒன்றுமில்லை.
பதினோரு ஆடி போய்விட்டது.

அவர் காட்டில் இப்போது பதினாறு தறி.
"எங்க போட்டு முளைக்க வெப்பேன்,
சிமெண்டுத் தரையிலீங்களா?"
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
என் வீட்டுக்காரர் சம்பளமும்
அந்தத் தறியில் இறங்குவதுதான்.
ஆனால் எங்கள் சாமை அத்தோடு சரி.
டப்பாவில் மிச்சம்
வேப்பிலைச் சருகும் பேரெழுதிய சீட்டும்.

விதை என்றால் என்ன?
தின்னாமல் விட்டது. அவ்வளவே.
ஊர் இல்லாத, ஏர் இல்லாத நாளில்
புல்லை உருவி வாயில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி
கடைசிப் பிடியில் கையை மூடியிருப்பாள்.
பிள்ளை அழுதிருக்கும்.
கல்நெஞ்சுக்காரி என்று திட்டியிருப்பார்கள்,
அடுத்த மழைக்குப் பிறகு
அவளிடமே கை நீட்டியவர்கள்.

புல்லும் லேசுப்பட்டதில்லை.
பழுத்ததும் உதிர்ந்து ஓடுவது அதன் குணம்.
அவள் வரும்வரை
உதிராமல் நிற்கப் பழகிக்கொண்டது.
இன்று நாம் அறுக்காவிட்டால்
கதிரிலேயே மக்கிப்போகும்.
யார் யாரைப் பழக்கினார்கள்,
அதற்கு இந்த நோட்டில் பத்தி இல்லை.

புரட்டாசியில், சாயங்காலப் பால் நேரம்.
நாச்சிமுத்து தறியில் இரவு ஷிப்ட் ஓட்டும்
தொமுரு பரஜா, கோராபுட் மலைக்காரன்,
டீக்கு அரை லிட்டர் வாங்க வந்தான்.
நோட்டின் எழுத்து அவனுக்குத் தெரியாது.
மயிலாத்தாள் படியில் அளந்து கொட்டிய
தட்டப்பயறு தெரிந்தது.
கேன் மூடியைத் திருகியபடி
நின்று பார்த்துவிட்டுப் போனான்.
மறுநாள்
தறியில் கழித்த துணியில் ஒரு மூட்டை.
அவிழ்த்தான்.
"சுவான்" என்றான்.
"சாமை" என்றேன்.
அவன் உதடு குவிந்தது,
என் உதடு மூடித் திறந்தது,
நடுவில் கிடந்தது ஒரே மணி.

தறிக்கூடத்துக்குப் பின்னால்
தண்ணித் தொட்டி வழிகிற இடத்தில்
நாலு பாத்தி போட்டிருக்கிறான்.
ரயில் ஏறும்போது
பொண்டாட்டி முடிந்து கொடுத்த விதை.
தின்பதற்கில்லை என்று
வாயைப் பொத்திக் காட்டினான்.

பொங்கியண்ணன் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து,
"இது நம்மூருச் சாமை இல்லீங்க, மணி சிறுசு" என்றார்.
அவர் வாங்கிப்போன சோளத்தின் முன்னோர்
ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்ததை
நான் சொல்லவில்லை.
கொழுப்பு அரைப் புள்ளி குறைந்தாலே
சண்டைக்கு நிற்கிற மனுசர்.

ஆழாக்கில் அளந்தேன். மூன்று.
தலை தட்டாமல், கோபுரமாய்.
பேனாவைத் திறந்த பிறகுதான் குழப்பம்.
நாச்சிமுத்து பேரில் வரவா?
அதே காட்டில் விளைந்ததுதானே.
தொமுரு பேரில் புதுப் பக்கமா?
அவனுக்கு நாங்கள் பட்ட கடனை
ஒன்றரையாக்கி
எந்த ரயிலில் ஏற்றிவிடுவது?

ரோட்டில் பால் வண்டி ஹாரன் அடித்தது.
பற்றிலும் இல்லாமல் வரவிலும் இல்லாமல்
நீலக் கோட்டின் மேலேயே எழுதினேன்:
சாமை, சுவான், மூன்று ஆழாக்கு.
"பேரு?" என்றேன்.
அவன் தன் பேரைச் சொல்லவில்லை.
சுக்ரி என்றான்,
விதையை முடிந்து கொடுத்தவள் பேரை.