தொண்ணூறு மில்லிலீற்றர்

ஆட்டம் முடிந்து ஒன்றரை மணித்தியாலம்.
மூன்று போத்தல் தண்ணீர் குடித்தாயிற்று.
இம்தாதுக்கு ஒண்டுக்கு வருதில்லை.

அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது என் கடமை.
காற்சட்டை முழங்கால் மட்டும்,
ஜேர்சி நெஞ்சுக்கு மேலே,
கைகள் முழங்கை வரை வெறுமையாய்:
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
நாலாம் வகுப்புக்குப் பிறகு
அவனுடைய உம்மாவும்
இப்படிப் பார்த்திருக்கமாட்டா.

குழாயைத் திறந்துவிட்டேன்,
சத்தத்துக்காவது வரட்டும் என்று.
வெளியே கச்சான் காற்று
தகரத்தைச் சுரண்டுகிறது.
நாலு மணி வெயிலில்
மட்டக்களப்பு மைதானத்துக்கு
எல்லாவற்றையும் வேர்வையாய்க் கொடுத்துவிட்டான்,
இரண்டு கோலையும் சேர்த்து.

"சேர், கொஞ்சம் அங்கால கிறுகி நிப்பீங்களா?"
"ஏலாது தம்பி."
"நீங்க கல்லாறுதானே? நான் மருதமுனை."
"ஓம்."
நடுவில் ஒரு பெரியநீலாவணை,
ஒரு மாவட்ட எல்லை.
வேறொன்றும் இல்லை.

முதலில் நாற்பது வந்தது. காணாது.
அதை மூடி முத்திரை வைத்து
மறுபடி தண்ணீர், மறுபடி குழாய்.
தொண்ணூறு ஆகும்போது
பார்வையாளர் பக்கத்து விளக்கை
யாரோ அணைத்துவிட்டார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள்.
ஐந்து வரி விட்டிருக்கிறார்கள்.
பனடோல், எழுதினான்.
முழங்காலுக்குப் பூசிய சித்தாலேப.
பள்ளியில் ஓதித் தந்த தண்ணீரையும் எழுதவா
என்று கேட்டான்.
கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிரிக்கவில்லை.
மூன்றாவது வரியில் பேனை நின்றது.

அந்த நிற்றல் எனக்குத் தெரியும்.
வீட்டில் எத்தனை பேர் என்று
ஆமிக்காரன் நீட்டிய படிவத்தில்
நானும் ஒருநாள் அப்படி நின்றிருக்கிறேன்.
பேசுவதற்கு எனக்கு அனுமதி இல்லை.
கையேட்டில் அதுவும் இருக்கிறது.

மிச்ச வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு.
பிறகு கையெழுத்து,
பொடியன்களின் பந்தில் போடுகிற அதே கையெழுத்து,
வால் நீண்டது.
அதன் கீழே சாட்சியாய் நான்.

ஏ போத்தல், பி போத்தல்.
அவனே ஊற்றினான், அவனே மூடினான்.
மூடி டிக் டிக் என்று ஒரு பக்கம் மட்டும் சுற்றும்,
திரும்பாது.

போத்தல்கள் கட்டாருக்குப் போயின.
கட்டாரில் ஒரு கழகம் கூப்பிடுகிறது என்று
இரண்டு வருடமாய்ச் சொல்லித் திரிந்தவன்.
அவனில் தொண்ணூறு மில்லிலீற்றருக்குத்தான்
விசா கிடைத்தது.

மறுகா கடிதம் வந்தது.
வாயில் நுழையாத ஒரு பெயர்,
எதிரே நாலு வருடம்.
இருபத்தேழோடு நாலைக் கூட்டிப் பாருங்கள்,
ஒரு விங்கருக்கு.
கழகம் ஒரு வரியில் வருந்தியது.
லேபல் இல்லாத டப்பாவை விற்றவனின் ஜிம்மில்
இப்போது ஏசி.

பாவம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன்.
அன்று தொண்ணூறு நிமிடமும்
அவன் பின்னால் ஓடிய செங்கலடிப் பொடியன் சுகிர்தன்,
பனடோலும் போடாதவன்.
இரண்டு கோலும் உன்னால்தான் என்று
அடுத்த கிழமையே அணியிலிருந்து எடுத்தார்கள்.
அவனுக்கு ஒரு கடிதமும் போகவில்லை.
இப்போது சீமெந்து லொறியில் நிற்கிறான் என்று கேள்வி.

போன வெள்ளி, மருதமுனைக் கடற்கரை.
கழகத்தோடு பயிற்சி எடுக்கவும் தடை அவனுக்கு.
கடலுக்குக் கழகம் கிடையாது.
சின்னப் பொடியன்களோடு
கோடில்லாத மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவன்
என்னைக் கண்டான்.
பந்தை நிறுத்தினான்.
ஜேர்சியை நெஞ்சுக்கு மேலே தூக்கி,
கைகளை விரித்து,
கையேட்டில் உள்ளபடி நின்றான்.
பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடலைப் பார்க்க
கிறுகி நின்றேன்.
சிரிப்பு அடங்கி,
பந்து மறுபடி ஈர மண்ணில் விழுகிற சத்தம் கேட்கும்வரை
நின்றேன்.